பத்து மீட்டர் கேபிள்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

மூன்று நாளாக உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டால் "அவ குளிக்கிறா" என்கிறான். ஒரே நாளில் நான்கு தடவை யாரும் குளிப்பதில்லை. அவனுக்கு வேறு பொய் தெரியாது. அதனால் எழுதுகிறேன். கடைசியாக நான் கையால் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், வயிற்றுவலி என்று விடுப்புக் கேட்டு.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எரிவாயு வால்வுகளில் லேசரால் எண் பொறிக்கும் உங்கள் இயந்திரம் எங்கள் கம்பெனி விற்றது. பதினான்கு எண்கள் இரண்டிரண்டு வால்வுகளில் வந்துவிட்டன, வாங்கியவர்கள் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று புகார். சர்வீஸ் இன்ஜினியர் என்பதால் என்னை அனுப்பினார்கள். அந்த இயந்திரத்தில் நிற்பது நீங்கள் என்று தெரிந்துதான் வந்தேன். அன்று காலையிலிருந்து எழுநூறு வால்வு ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தப்பு வரவில்லை.

எங்கள் படிவத்தில் மூன்று கட்டம்தான் உண்டு. இயந்திரக் கோளாறு, மென்பொருள் கோளாறு, இயக்குபவர் தவறு. முதல் இரண்டும் இல்லை என்றானபிறகு மூன்றாவதில் டிக் போட்டேன். உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும் என்று உங்கள் மேனேஜரே சொன்னார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை எழுத வரவில்லை. போனை எடுங்கள்.

ஒல்லி


பிப்ரவரி 8

சர்வீஸ் இன்ஜினியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. கூடவே லேசர் அறைக்குள் போகும் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஆறு வருடம் அந்த இயந்திரத்தில் நின்றவள் இப்போது பேக்கிங் மேசையில் அட்டைப்பெட்டி மடிக்கிறேன். மார்ச் 6 காலை பத்து மணிக்கு விசாரணை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு விசாரணை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார வைத்து வெளியே அனுப்புவார்கள்.

என் பெயரை எழுதவில்லை என்கிறீர்கள். காலை ஷிப்டில் அந்த இயந்திரத்தில் நிற்பது ஒருத்திதான். பெயர் எதற்கு?

எழுத வராத விஷயத்தை நான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் உங்கள் பக்கத்தில் வந்து, "ஒல்லி, மேல போற கேபிளைக் கொஞ்சம் பாரு" என்றேன். மேனேஜர் நின்றிருந்தார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றீர்கள். நான் இயந்திரத்தைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்றேன். முதல் நேர்காணலுக்கு என் ஷூவைப் போட்டுக்கொண்டு போனவர் நீங்கள். அது உங்களுக்கு ஒரு அளவு பெரிது என்று முன்பக்கம் பஞ்சு வைத்துக் கொடுத்தவள் நான்.

எனக்கு ஒரே கேள்வி. அந்த எழுநூறு வால்வையும் எந்தக் கம்ப்யூட்டரில், எந்தக் கேபிளில் ஓட்டினீர்கள்? பதிலை எழுத்தில் தாருங்கள். என்னைக் கவிழ்த்தது ஒரு காகிதம். போன் பேச்சை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பணியாளர் எண் 47


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

உங்கள் கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எனக்கே பாடமா என்று. நான்கு வருடமாக இதே வேலை. பிறகு மதியம் வேறோர் இடத்தில் இயந்திரம் பார்க்கப் பையைத் திறந்தேன். மேலேயே கிடந்தது என் கேபிள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த ஊழியர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என் லேப்டாப்பில்தான் ஓட்டினேன். என் கேபிளில். ஒன்றரை மீட்டர், தடித்தது, உறை போட்டது. உங்கள் கம்ப்யூட்டர் கண்ணாடி அறைக்குள் பூட்டியிருந்தது. சாவி சூப்பர்வைசரிடம், அவர் எங்கேயோ போயிருந்தார். காத்திருக்காமல் உங்கள் கேபிளைக் கழற்றிவிட்டு என்னுடையதைச் செருகினேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறோம், சீக்கிரம் முடியும் என்று. கோளாறைக் கையால் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கோளாறு இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோயாளியை வாசலில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் தனக்கே காய்ச்சல் பார்த்துக்கொண்ட மாதிரி.

நாங்கள் நிறுவியபோது கம்ப்யூட்டர் இயந்திரத்தை ஒட்டி இருந்தது. இரண்டு மீட்டர் கேபிள். நீட்டக்கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. எப்போது நகர்த்தினார்கள்? கேபிள் எந்த வழியாகப் போகிறது? நீங்கள் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட காலண்டரில் குறிக்கிற ஆள். இதற்கும் ஏதாவது நோட்டு இருக்கும்.

"தள்ளி நில்லுங்கம்மா" பற்றி: நான் உங்கள் நாத்தனார் என்று தெரிந்தால் என் ரிப்போர்ட்டை நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. ஆனாலும் அடித்துத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

ஒல்லி


பிப்ரவரி 16

ஒல்லிக்கு,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. 'சர்வீஸ் இன்ஜினியர் அவர்களுக்கு' என்று எழுதக் கை வலிக்கிறது, அவ்வளவுதான்.

நோட்டு இருக்கிறது. சொல்கிறேன், கேள்.

போன வருடம் ஜூனில் புது மேனேஜர் வந்தார். வாங்குகிறவர்கள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் விசைப்பலகையில் எண்ணெய்க் கை பட்டிருந்ததைப் பார்த்தார். "இவங்க கை படாத இடத்துல வைங்கப்பா" என்றார். எங்களை வைத்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது நாங்கள் கை கழுவ சோப்புக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சோப்பு வரவில்லை. கண்ணாடி அறை வந்தது. கம்ப்யூட்டரை உள்ளே வைத்து, சூப்பர்வைசரை உள்ளே வைத்து, ஏசியும் போட்டார்கள். வெளியே எங்களுக்குக் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று மட்டும். வால்வை வைத்து மிதிக்க வேண்டும், எடுக்க வேண்டும். என்ன எண் ஓடுகிறது என்று திரையைப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை.

கேபிள் இயந்திரத்திலிருந்து சுவரில் ஏறி, கூரையை ஒட்டிய தட்டு வழியாகப் போய், கண்ணாடி அறைக்குள் இறங்குகிறது. இரண்டு கேபிளை ஒட்டியது. ஒட்டிய இடத்தில் கறுப்பு டேப். எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "எனக்கு பத்து மீட்டர்னு சொன்னாங்க, போட்டேன். எதுக்குன்னு எவன் சொன்னான்?" என்றார். அதே தட்டில்தான் புகை உறிஞ்சும் மோட்டாருக்குப் போகும் மின்கம்பியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று.

இனி நோட்டு. ஜனவரி 19: 9.10, 9.52, 11.05. ஜனவரி 20: 8.40, 10.15. இப்படி நாற்பத்தொரு தடவை குறித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான். மோட்டார் தானாக நிற்கும், தானாகத் திரும்ப ஓடும். அது திரும்ப ஓட ஆரம்பித்த நொடியில் லேசர் பாதி எண்ணில் நின்றுவிடும். பொறி பறப்பது நிற்கும். உள்ளே திரையில் 'கருவி இணைக்கப்படவில்லை' என்று வருமாம். சூப்பர்வைசர் ஏதோ தட்டுவார், பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். நான் மிதிப்பேன். அந்தக் கட்டைவிரல்தான் எங்களுக்குள் இருக்கும் மொத்தத் தொடர்பு. ஒரு நாள் வெளியிலிருந்து, "மோட்டார் ஓடும்போதுதான் அறுந்துபோகுது சார்" என்று கத்தினேன். அவர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். கண்ணாடி வழியாகக் கேட்கவில்லையாம்.

இப்போது என் இடத்தில் சுருட்டை நிற்கிறாள், அந்தச் சுருட்டை முடிப் பெண். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நேற்று அவளுக்கும் மூன்று தடவை அறுந்தது. டீ குடிக்கும்போது என்னிடம், "அக்கா, நான் ஒன்னும் பண்ணலக்கா" என்றாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொல்லப் பழகிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

உங்கள் நோட்டைப் போல் ஒன்றை எங்கள் ஆட்கள் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. எல்லாம் பொருந்துகிறது. மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது அதன் கம்பியிலிருந்து ஒரு மின் துடிப்பு பக்கத்துக் கேபிளில் ஏறும். கேபிள் நீளமாக, ஒட்டுப்போட்டு, கூடவே கட்டி வைத்திருந்தால் கம்ப்யூட்டர் இயந்திரத்தைத் தொலைத்துவிடும். சண்டைக்கு நடுவில் போனில் பேசுவது மாதிரி. மென்பொருளை மறுபடி திறந்தால் எண் கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் போய்விடும். புத்தகத்தில் அடையாளம் வைக்காமல் தூங்கினவள் விழித்ததும் படித்த பக்கத்தையே படிப்பது போல. சூப்பர்வைசர் பெரும்பாலும் கையால் சரியான எண்ணைத் தட்டியிருப்பார். புகார் வந்த அந்த நாள் மறந்திருப்பார். பதினான்கு எண்ணும் அங்கேதான் பிறந்தன. உங்கள் காலில் இல்லை.

இங்கே என் மேனேஜரிடம் சொன்னேன். "நீயே போட்ட ரிப்போர்ட்டை நீயே மாத்தினா, நாளைக்கு எல்லா கஸ்டமரும் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு வருவான். விடும்மா" என்றார். உங்கள் தொழிற்சாலைக்கு அடுத்த பராமரிப்பு ஏப்ரல் 12. அப்போது நான் வந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவேன். அதுவரை விசாரணையில் நீங்கள் மோட்டார் விஷயத்தைச் சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த வேலை எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒல்லி


பிப்ரவரி 24

சர்வீஸ் இன்ஜினியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 12 வசதியான தேதிதான். அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன், உங்களுக்கும் சங்கடம் இருக்காது.

மோட்டார் விஷயத்தை நான் சொல்ல வேண்டுமாம். ஒன்பது மாதமாகச் சொல்கிறேன். பெடல் மிதிக்கிறவள் சொன்னால் அது சாக்கு. நீங்கள் சொன்னால் அது தொழில்நுட்பம். இது தெரிந்துதானே என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. சூப்பர்வைசர் மறந்தார் என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். என்னை எடுத்துவிட்டு அந்த ஓட்டையை அவரை வைத்து அடைப்பார்கள், அவ்வளவுதான் மாறும். ஒற்றை ஆளாக மூன்று இயந்திரத்தின் திரையைப் பார்க்கிறார்.

உங்கள் அண்ணன் இதைப் படித்துவிட்டு, "இவ்ளோ காரம் வேணாமே" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதினேன் என்றேன். அதற்குப் பிறகு குளிக்கப் போய்விட்டார்.

பணியாளர் எண் 47


மார்ச் 1

அண்ணிக்கு,

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். என் இரண்டாவது ரிப்போர்ட்டின் நகல். அசலை உங்கள் மேனேஜருக்கும் இன்னொரு நகலை என் மேனேஜருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

அதே படிவம்தான். மூன்று கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து நான்காவது கட்டம் ஒன்றை வரைந்தேன். 'நிறுவியபின் மாற்றப்பட்ட இணைப்பு' என்று எழுதி அதில் டிக் போட்டேன். கீழே: 'என் முதல் சோதனை செல்லாது. தொழிற்சாலையின் கேபிளைக் கழற்றிவிட்டு என் சொந்தக் கேபிளில் சோதித்தேன். தவறு சோதித்தவருடையது.' அந்தக் கடைசி வரியை மூன்று தடவை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். வேறு எந்த மாதிரியும் உண்மையாக இல்லை. சூப்பர்வைசர் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒவ்வொரு வால்வுக்கும் எண் தானாகச் சேமிக்கும்படி அமைப்பை மாற்ற வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அப்படி மாற்றினால் யாரும் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

என் மேனேஜர் முத்திரை வைக்க மறுத்துவிட்டார். "முத்திரை இல்லாம இது வெறும் காயிதம்" என்றார். முதல் ரிப்போர்ட்டுக்கு மட்டும் எப்படி இரண்டு நிமிடத்தில் வைத்தீர்கள் என்று கேட்டேன். முத்திரையை டிராயருக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

மார்ச் 6 விடுப்புப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை வயிற்றுவலி என்று எழுதவில்லை. லேப்டாப் கொண்டுவர மாட்டேன். கேபிளும் பையிலேயே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர், உங்கள் பத்து மீட்டர், எல்லோர் முன்னாலும். மோட்டார் எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அதனால் நீங்கள் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒல்லி


மார்ச் 11

ஒல்லிக்கு,

நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒன்று. மேனேஜர் "மோட்டார் எப்ப ஓடும்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டபோது, நீ "எங்க அண்ணி சொல்வாங்க சார்" என்றாய் அல்லவா. "இப்ப" என்று அதனால்தான் அவ்வளவு சின்னக் குரலில் சொன்னேன். நல்லவேளை மோட்டார் மானம் காத்தது. மூன்றாவது வால்விலேயே பாதி எண்ணில் அறுந்ததும் மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பேசாமல் பெட்டி மடித்தேன். திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் தள்ளுவண்டியில் ஏறி வெளியே வந்தது, பிரசவ வார்டிலிருந்து வருவது மாதிரி. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். எலக்ட்ரீஷியன் பழைய கேபிளைக் கழற்றினார். விசாரணை அன்று நீ எழுதிக் கொடுத்த தாளை இயந்திரத்தில் ஒட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தார். இரண்டு மீட்டர் கேபிள், நடுவில் ஒட்டு இல்லை. கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கத் துளையில் நேராக. மோட்டார் கம்பி தனி வழி. கம்ப்யூட்டருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே இடத்தில் எர்த். கம்ப்யூட்டர் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கேபிளைத் தூங்க வைக்கிற அந்த அமைப்பையும் சூப்பர்வைசர் தேடி அணைத்தார். அவரும் எங்களோடு வெளியே வந்துவிட்டார். "ஏசி போச்சேக்கா" என்று காலையிலிருந்து புலம்பல். ஆனால் இப்போது நான் சொல்வது அவர் காதில் விழுகிறது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மேனேஜர், "எல்லாருக்கும் ஒரு பாடம்மா" என்றார், நானும் அதில் சேர்த்தி என்பது போல. எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்வதை எழுத்தில் தாருங்கள் என்றேன். "எழுத்துல எதுக்கும்மா, நாமளே பேசிக்கிட்டோமே" என்றார். பேசியது கண்ணாடி வழியாகக் கேட்காது சார் என்றேன். சுருட்டை இருமுவது போல் சிரித்தாள். நான்கு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். சோப்பையும் அதிலேயே சேர்த்துவிட்டோம்.

உன் கதை என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

அண்ணி


மார்ச் 16

அண்ணிக்கு,

என்னை உதிரிப்பாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அனுமதி இல்லாமல் கஸ்டமரிடம் போனேன் என்று காரணம். ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, ஒரு கரும்பலகையும் இரண்டு பூனைகளும் உண்டு. முதல் இரண்டு நாள் அழுதேன். மூன்றாவது நாளிலிருந்து யாராவது பத்து மீட்டர் கேபிள் கேட்டு வந்தால், "எதுக்கு?" என்று கேட்கிறேன். இதுவரை ஐந்து பேர். இரண்டு பேர் கம்ப்யூட்டரையே இயந்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்துவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மற்ற மூன்று பேர் என்னைத் திட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

நேற்று என்னோடு வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர் வந்தார். என் ரிப்போர்ட்டின் நகல் வேண்டுமாம். இரண்டு இடத்தில் அவரும் தன் லேப்டாப்பை வைத்துச் சோதித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார். "அந்த ரெண்டு ஆளுங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியல" என்றார். தேடப் போகிறாராம். இன்னொன்று, புதிய படிவம் அச்சாகி வந்திருக்கிறது. அதில் நான்கு கட்டம். யார் வரைந்தது என்று போடவில்லை. வேண்டாம்.

இதுவரை எத்தனை வால்வு ஓடியது? எங்கேயாவது அறுந்ததா? உண்மையைச் சொல்லுங்கள், எனக்காக மாற்றிச் சொல்ல வேண்டாம்.

ஒல்லி


மார்ச் 24
(உள்ளங்கை அளவு எஃகுத் தகட்டில்)

ஒல்லிக்கு,

இது கழிவுத் தகடு. பயப்படாதே, மேனேஜரிடம் எழுத்தில் கேட்டுத்தான் எடுத்தேன். விசைப்பலகையில் நானே ஒற்றை விரலால் அடித்தேன். எண்ணைத் தவிர வேறு எதையும் அடிப்பது ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. சுருட்டை பக்கத்தில் நின்று எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

பதின்மூன்று வேலை நாள். ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாறு வால்வு. ஒரு தடவைகூட அறுபடவில்லை. நோட்டில் குறிக்க ஒன்றுமில்லாமல் தேதி மட்டும் எழுதி வைக்கிறேன். எச்சரிக்கையை ரத்து செய்யும் கடிதம் முத்திரையோடு வந்துவிட்டது. சோப்பும் வந்துவிட்டது. மட்டமான சோப்பு.

இதைப் பொறிக்கும்போது மோட்டார் இரண்டு தடவை நின்று ஓடியது. எந்த வரியில் என்று நீ கண்டுபிடி பார்ப்போம்.

போன் பண்ணு. நான் குளிக்கவில்லை.

அண்ணி